தமிழ்ப் பக்கமும் தேடுபொறியும்

கீழப்பழுவூர் மாணவர் ஒருவர் இணையத்தில் தேடுகின்றார். தமிழ்ப் பக்கம் இருந்தும் ஆங்கிலப் பக்கமே முன்வருகின்றது. குறை யாது? ஒரே செய்தியை இருமொழிகளில் வெளியிடுவோர், ஒன்றன் மறுவடிவமே மற்றொன்று எனத் தேடுபொறிக்கு அறிவித்தல் வேண்டும். கூகுள் 2011 டிசம்பரில் விரிவுபடுத்திய ‘எச்ரெஃப்லாங்’ என்னும் குறிப்பு இதற்கெனவே உள்ளது.

இக்குறிப்பில் தமிழைக் குறிப்பது ‘டிஏ’ என்னும் ஈரெழுத்து. இலங்கை, சிங்கப்பூர் வாசகர்க்குத் தனிப்பக்கம் இருப்பின் நாட்டுக் குறியீட்டையும் அதனுடன் சேர்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் தன்னையும் பிற வடிவங்களையும் சுட்டுதல் இன்றியமையாதது. ஒன்று சுட்டி மற்றொன்று சுட்டாவிடின் அவ்வறிவிப்புப் புறக்கணிக்கப்படலாம். இது தரவரிசையை உயர்த்தும் உத்தியன்று. உரியவர்க்கு உரிய வடிவத்தைச் சேர்ப்பிக்கும் வழியாகும்.

தமிழில் எழுதுவதோடு நம் கடமை முடிவதில்லை. எழுதியது தமிழ் வாசகரைச் சென்றடையும் வகையினையும் நம் மாணவர் கற்றல் வேண்டுமென விழைகின்றோம்.