பள்ளிக்கு நடந்து வரும் வழி: ஒரு கணக்குப் பாடம்

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் வரும் உடற்கல்விப் பாடவேளைகள் இதற்குப் போதா. வீடு ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்து, மாணவர் நடந்தே வந்தால், போக வர அரை மணி நேரம் கிடைத்துவிடும்.

ஆனால் நடக்கச் சொல்லும் முன் வழியைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள திருப்புட்குழியை எடுத்துக்கொள்வோம். விஜயராகவப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பது எளிது. ஊருக்கு அருகிலேயே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. இத்தகைய சாலையைக் கடக்க வேண்டிய பிள்ளையைப் பெற்றோர் வண்டியில் கொண்டுவந்து விட்டால், அதைச் சோம்பல் என்று சொல்ல மனம் வராது.

வேகம், காலம், தொலைவு நடத்தும்போது இதையே கணக்காகக் கொடுக்கலாம். ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர், ஒரு பக்கம் மூன்று தடங்கள் எனில் 10.5 மீட்டர். நொடிக்கு 1 மீட்டர் நடக்கும் சிறுமிக்கு 10.5 நொடி தேவை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி அதற்குள் சுமார் 233 மீட்டர் வந்துவிடும். 233 மீட்டர் என்பது எவ்வளவு? நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். ஊர்த் தெருவிலேயே நாடாவால் அளந்து, அந்த முனையில் ஒரு மாணவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். மணிக்கு 40 கி.மீ. எனில் தொலைவு பாதியாகும் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து நடைபாதை. இந்தியச் சாலைப் பேராய வழிகாட்டுதலின்படி, தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். பேருந்து நிறுத்தம் வரை அளந்து, கம்பமும் கடைப்பலகையும் மறிக்கும் இடங்களைப் படத்தில் குறிக்கலாம். மாற்ற முடியுமா என்று மாணவர் கேட்பர். சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரின் தியாகராய சாலை, நடப்போருக்கான அகன்ற வளாகமாகத் திறக்கப்பட்டது. நகரக் கடைவீதிக்குக் கிடைத்தது கிராமத்துப் பள்ளி வழிக்கும் வேண்டும் அல்லவா?

வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். ஊர்த் தெரு ஊராட்சியின் பொறுப்பு. நெடுஞ்சாலைக் கடவைக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குத்தான் எழுத வேண்டும். கடிதத்தை மாணவரே எழுதட்டும், கணக்கையும் இணைத்து.