இடது கை எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

சிந்தசைசரில் நீ செய்த 'பலிபீடப் படி' இசையைக் கேட்டேன். பென் டிரைவில் போட்டு உன் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். "பையன் என்னமோ பண்ணியிருக்கான், நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்காரக்கூட இல்லாமல் கிளம்பிவிட்டார். மேடையில் எனக்குப் பக்கத்தில் அத்தனை வருஷம் தபேலா வாசித்த மனுஷர், மகன் விஷயத்தில் கூச்சப்படுகிறார்.

உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் உன் வயதுப் பிள்ளைகள் இதே சிந்தசைசர்களை வாங்கி இதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதழுக்கு அனுப்புகிறேன். ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் பற்றியெல்லாம் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கு உறுத்திய இடத்துக்கே நேராக வருகிறேன்.

முதல் இரண்டு நிமிடத்துக்குள் காந்தாரம் வருகிறது. மேலே மத்யமத்தைத் தொட்டு, ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மறுபடி ஏறுகிறது. தோடி ராகத்துக்கு ஏற்ற காந்தாரம்தான். அடுத்த சுற்றிலும் அதே காந்தாரம். ரிதம் சேர்ந்த பிறகும் அதே. அதே உயரம், அதே வேகம், அதே புள்ளியில் திருப்பம். கையால் வாசிக்கிறவனுக்கு இப்படி வாசிக்க வரவே வராது. லேப்டாப் திரையில் பிட்ச் பெண்ட் கோட்டை மௌஸால் வரைந்து, பிடித்துப்போனதும் காப்பி எடுத்து ஒட்டிக்கொண்டே போயிருக்கிறாய். பட்டுத் தறியில் கையால் புட்டா போடுவதைப் பார்த்து வளர்ந்த தாராசுரத்துப் பையன், பிரிண்ட் சேலையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டலாமா?

நீ ஏன் மௌஸுக்குப் போனாய் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஐந்தாவது நிமிடத்தில் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜமத்துக்கு ஒரு ஜாரு போடுகிறாய். அதற்காகப் பெண்ட் ரேஞ்சை 12 என்று வைத்திருப்பாய். 12 வைத்தால் அந்தச் சின்னப் பிட்ச் சக்கரத்தின் பாதி ஓட்டத்துக்குள் ஒரு ஸ்தாயி முழுவதும் அடங்கிவிடும். பிறகு காந்தாரத்தை அசைக்க விரலுக்கு இடம் ஏது? மயிரிழை தவறினால் மத்யமத்தைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். கை கேட்கவில்லை என்று திரைக்குப் போய்விட்டாய்.

பெரும்பாலான கீபோர்டுகளில் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பும் அளவு 2. மேலே 2 ஸ்வரஸ்தானம், கீழே 2 ஸ்வரஸ்தானம். சாதாரண காந்தாரக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை முழுக்க மேலே தள்ளிப் பார், சுத்த மத்யமம். முழுக்கக் கீழே இழு, சுத்த ரிஷபம். தோடிக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது! மிடியில் அந்த ஓட்டத்துக்கு 16,384 படிகள் கொடுத்திருக்கிறார்கள். 1983-லேயே அந்த வசதி நம் கைக்கு வந்துவிட்டது. ஜாரு வேண்டுமென்றால் போர்ட்டமென்டோவைப் பெடலில் போட்டுக்கொள், தேவைப்படும்போது மட்டும் காலால் மிதி. கமகத்தைச் சக்கரத்துக்கு விட்டுவிடு.

இடது கையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உன் அப்பா சொல்லியிருப்பார். நிறுத்தப் போவதும் இல்லை. பியானோ வாசிக்கிறவனின் இடது கை கார்டு பிடிக்கிறது. நம்முடைய வீணையில் வலது கை மீட்டும், இடது கை தந்தியை இழுத்துப் பேசவைக்கும். சிந்தசைசரில் கட்டைகளுக்கு இடது பக்கம் அந்தச் சக்கரத்தை வைத்தவர்கள் நம் வீணையை நினைத்து வைக்கவில்லை. ஆனாலும் நமக்கு அது வந்து வாய்த்திருக்கிறது. 1970-ல் வந்த மினிமூக்கில் இரண்டு சக்கரம். பிட்ச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது, விட்ட இடத்தில் நிற்கும். யமஹா டிஎக்ஸ்7-இல் ஸ்பிரிங் உண்டு, கையை எடுத்தால் நடுவுக்குத் துள்ளி வந்துவிடும். ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளுகிற குச்சி. கோர்க் எம்1-இல் ஜாய்ஸ்டிக். ஒவ்வொன்றிலும் காந்தாரம் வேறுமாதிரி பேசும். குச்சியில் கட்டைவிரலால் தள்ளும்போது இறக்கம் எனக்குத் திருப்தியாக வந்ததே இல்லை, சக்கரத்தில் வரும். நீ வாங்கியிருப்பது மினிமூக்கின் வழியில் வந்த புதிய கருவி, ஒரே குரல், அதற்கென்று தனிச் சக்கரம். அதை வைத்துக்கொண்டு மௌஸைத் தேடிப் போனாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கீபோர்டுக்காரர்களாகிய நம் தலையில் ஒரு பழைய குற்றச்சாட்டு இருக்கிறது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. முப்பது வருஷம் அந்தத் தடை நீடித்தது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் ஸ்வரம் அதில் பேசாது என்பது முக்கியமான வாதம். அந்த வாதத்துக்குப் பதில் கருவியிலேயே வந்து இறங்கிய பிறகும் வாசிக்கிறவன் அதைத் தொடவில்லை என்றால், அன்று தடை போட்டவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். கையாலேயே பதில் சொன்னவர்களும் உண்டு. 1954-ல் 'நாகின்' இந்திப் படத்தில் நாடே மயங்கிய மகுடி, உண்மையில் மகுடி இல்லை. கல்யாண்ஜி கிளேவியோலைன் என்ற கீபோர்டில் வாசித்தது. பிட்ச் சக்கரம் வருவதற்கு வெகுகாலம் முந்தைய கருவி அது. விரலாலேயே பாம்பாட்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பம்பாயில் சரண்ஜித் சிங் 1982-ல் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். தாளமும் பாஸும் இயந்திரம், ராகம் அவர் கை. 2010-ல் அந்தத் தட்டு மறுபடி வெளியானபோது வெளிநாட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதற்கு அந்தக் கையும் ஒரு காரணம் என்பேன். கீபோர்டு சத்யா என்று நம் ஊர் அறிந்த சத்யநாராயணன் முழுக் கர்நாடகக் கச்சேரியையே கீபோர்டில் வாசிக்கிறார். கண்ணை அவருடைய வலது கையிலிருந்து எடுத்துவிட்டு, இடது கையை மட்டும் ஒரு மணி நேரம் பார்.

1986-ல் 'புன்னகை மன்னன்' படம் வந்தது. கம்ப்யூட்டரில் போட்ட இசை என்று பேச்சு. அதன் தீம் மியூசிக்கைக் கேட்காத கூட்டம் டெல்டாவில் இல்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் ஏது கம்ப்யூட்டர்? இயந்திரம் வாசித்ததை நாங்கள் மேடையில் கையால் வாசித்தோம், உன் அப்பாவும் நானும். விரல் நோகும். இன்று கையால் வாசிக்க வேண்டியதை நீ இயந்திரத்தை வாசிக்கச் சொல்கிறாய்.

எங்களுக்கு டிஎக்ஸ்7 வந்த புதிதில் மாயவரம் பக்கம் ஒரு கோயில் திருவிழா. சுவாமி புறப்பாடு முடிந்து வந்த நாதஸ்வர வித்வான் மேடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். லோ வோல்டேஜ், ஸ்டெபிலைசர் கடகடவென்று அடித்துக்கொள்கிறது, நான் ஒவ்வொரு சத்தமாகச் சரிபார்க்கிறேன். "இது காந்தாரம் பேசுமா தம்பி?" என்றார். கட்டையை அழுத்திச் சக்கரத்தை அசைத்துக் காட்டினேன். எழுந்து வந்தார். சுண்ணாம்பு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நீ கட்டையைப் பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தில் அவர் விரலை வைத்தார். "ஆட்டாதே. மத்யமத்துலேருந்து இறக்கு. இறங்கினப்புறம் அங்கே குந்தாதே, கிளம்பு." இரண்டு மூன்று தடவை சக்கரத்தோடு மல்லுக்கட்டினார், ஸ்பிரிங் அவர் விரலை நடுவுக்கு இழுத்தது. பிறகு வந்தது பார், தோடி! கட்டை என் வலது கையில், ராகம் அவர் விரலில். மைக் செட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவர் சொன்ன அந்த 'இறக்கு' என்பதை நீ உன் கோட்டில் வரையவில்லை. நீ வரைந்திருப்பது ஆட்டம்; மேலும் கீழும் ஒரே அளவாகப் போய்வரும் அலை. காந்தாரம் மத்யமத்திலிருந்து வேகமாக இறங்கும், கீழே தயங்கும், ஏறும்போது வேறு நடை. அடுத்த முறை அந்தத் தயக்கத்தின் நீளம் மாறும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடி இசைத்தட்டைப் போட்டுக் காந்தாரம் வரும் இடங்களை மட்டும் கேள். கேட்டுக்கொண்டே சத்தமில்லாமல் சக்கரத்தை அவரோடு ஓட்டு. ஸ்பிரிங் தடுத்தால் கழற்றித் தளர்த்திக்கொள், ஒன்றும் பாவம் இல்லை. அவரே நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியிடம் தனக்கு வேண்டிய மாதிரி பாரி நாயனம் செய்து வாங்கியவர்தான்.

புதுக் கருவிகளைச் சொல்லி நீ என்னை மடக்கலாம். ஏ.ஆர். ரஹ்மான் கன்டினியம் என்ற கருவியின் கட்டையே இல்லாத பரப்பில் விரலை வழுக்கி வாசிக்கிறார். 2018-ல் மிடியின் எம்பிஇ தரம் வந்த பிறகு ஒவ்வொரு விரலுக்கும் தனிப் பெண்ட் உண்டு. எல்லாம் நல்லதுதான். காசு சேர்ந்தால் வாங்கு. அதுவரை கையில் இருக்கும் சக்கரம் சும்மா கிடக்கக் கூடாது.

இரண்டாவது உறுத்தல், அந்த பேட். ச-க-ப என்று ஒரு மைனர் கார்டு ஆரம்பத்திலிருந்து பின்னால் படர்ந்து கிடக்கிறது. உன் சுருதி ஒரு கட்டை. பேடில் இருக்கும் காந்தாரம் 311 ஹெர்ட்ஸில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. முன்னால் ராகத்தின் காந்தாரம் 349 ஹெர்ட்ஸ் மத்யமத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் உரசுகின்றன. அந்த உரசலை மறைக்க ரிவெர்பை ஏற்றியிருக்கிறாய். அதில் ராகமும் சேர்ந்து மூழ்கிவிட்டது. பேடிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடு. ஷட்ஜமமும் பஞ்சமமும் போதும். அதைச் செய்தால் ரிவெர்பில் பாதி தானாகவே தேவைப்படாமல் போகும்.

மணிச் சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஐராவதேசுவரர் கோயில் பலிபீடத்துப் படிகள் தட்டினால் ஸ்வரம் பேசும் கல். இப்போது கம்பி வேலிக்குள் இருப்பதால் உனக்குத் தட்டக் கிடைத்திருக்காது. அதற்காக ரெடிமேட் கோயில் மணியை எடுத்துப் போடுவதா? கல்லின் சத்தம் இப்படி நீண்டு ஒலிக்காது. எஃப்எம் சிந்தசிஸ் முறையைக் கண்டுபிடித்த ஜான் சௌனிங் 1973-லேயே வழி காட்டியிருக்கிறார்: முழு எண்ணாக அமையாத விகிதத்தில் இரண்டு அலைகளை வைத்தால் மணி, நாதம் அடங்கும் நேரத்தை 0.2 நொடி அளவுக்குக் குறைத்து, என்வலப்பையும் மாற்றினால் மரத்தைத் தட்டும் சத்தத்துக்குப் போய்விடும். மரத்துக்கும் மணிக்கும் நடுவில் எங்கேயோ நம் படி இருக்கிறது. அதை நீயே தேடிச் செய்.

இனி ஆறாவது நிமிடம். எல்லாம் நின்றுவிடுகிறது. ரிதம் இல்லை, அந்த பேட் இல்லை, ஷட்ஜம் மட்டும். இரண்டு ஆசிலேட்டரையும் ஏறத்தாழ ஒரு ஹெர்ட்ஸ் விலக்கி வைத்திருக்கிறாய், நொடிக்கு ஒரு தடவை அலை எழும்பி அடங்குகிறது. ஃபில்டர் திறப்பது தெரியாமல் திறக்கிறது. ஜீவாளி சரியாக உட்கார்ந்த தம்புரா அப்படித்தான் கேட்கும். அதன்மேல் தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கு ஒரு முறை போகிறாய், ஒரே முறை. அந்த ஒன்று கையால் வாசித்தது, சத்தியமாகத் தெரிகிறது. போகும் வழியில் கொஞ்சம் தடுமாறி, பிறகு போய்ச் சேர்கிறது. சென்னையில் எத்தனையோ கால்ஷீட்டில் எத்தனையோ பெரிய கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அந்த ஒரு நிமிடத்துக்கு இணையாகச் சொல்ல எனக்குச் சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உன் அப்பாவிடமும் இதையே சொல்லிவிட்டேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் திரையை அணைத்துவிட்டு வாசித்து அனுப்பு. தப்பு இருந்தால் இருக்கட்டும், வெட்டாதே.

அப்புறம், என்னுடைய டிஎக்ஸ்7 பரணில் கிடக்கிறது. எஃப்எம்மில் அந்தக் கல்லைத் தேட உனக்கு உதவும், வந்து எடுத்துக்கொண்டு போ. உள்ளே நினைவகத்துக்கான பேட்டரி போயிருக்கும். போர்டில் பற்றவைத்த பேட்டரி அது, கும்பகோணத்தில் கைப்பக்குவம் உள்ள ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்று. கருவி ஜப்பானிலிருந்து வந்தது, 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகிவிடாதே, டிரான்ஸ்ஃபார்மரும் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய கீபோர்டுக்காரர்
தாராசுரம்