ஸ்வீப், பாஸ், சப்மிஷன்: கீழே கிடப்பவனுக்கான மெக்கானிக்ஸ்

ஹாஸ்டல்ல என் பைக்குள்ள இருக்கிற வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்துட்டு "மச்சி, கராத்தேவா?"ன்னு கேட்காத ஆளே கிடையாது. கராத்தே இல்லை, பிரேசிலியன் ஜியு-ஜிட்சுன்னு சொன்னா அடுத்த கேள்வி ரெடியா வரும்: "அதுல என்ன பண்ணுவீங்க, கட்டிப் புரளுவீங்களா?" ஒரு வகையில ஆமா. ஆனா அந்தப் புரளலுக்குள்ள நாம முதல் வருஷம் படிச்ச என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் மொத்தமும் இருக்கு. அதைத்தான் இந்தக் கட்டுரையில ஒரு பாடம் மாதிரி எழுதப் பார்க்கிறேன். கடைசியில நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு. அதுதான் முக்கியமான பாடம், அதனால பாதியில ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. ஜப்பானைச் சேர்ந்த மித்சுயோ மேடா என்ற ஜூடோ வீரர் 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸும் அவர் தம்பி ஹீலியோவும் சேர்ந்து வளர்த்ததுதான் இந்தக் கலை. ஜூடோவில் எதிராளியைத் தூக்கிப் போடுவதற்கு மதிப்பு அதிகம். இங்கே ஆட்டத்தின் பெரும்பகுதி விழுந்த பிறகுதான் நடக்கும்.

கார்ட்: கீழே இருந்தாலும் கதவு பூட்டியிருக்கு

மல்லாந்து கிடக்கிறவன் தோத்துட்டான்னுதான் நாம சின்ன வயசுல இருந்து நினைக்கிறோம். ஜியு-ஜிட்சு கேட்கிற கேள்வி வேற: கிடக்கிறவனோட கால் எங்கே இருக்கு?

எதிராளி உங்க ரெண்டு காலுக்கு நடுவுல மாட்டியிருந்தா, அதுக்குப் பேர் கார்ட். உங்க கால்கள் அவர் இடுப்பைச் சுற்றிப் பின்னால் பூட்டியிருந்தா க்ளோஸ்ட் கார்ட். பூட்டாம, பாதத்தாலும் முழங்காலாலும் தள்ளி வெச்சிருந்தா ஓப்பன் கார்ட். கால்கள் நடுவுல இருக்கும்வரை மேலே இருப்பவரால உங்க நெஞ்சு மேல முழு எடையை இறக்க முடியாது. அவர் நெருங்குறதும் விலகுறதும் உங்க கையில, அதாவது உங்க காலில்.

இதுக்கு நல்ல உதாரணம் 1994 டிசம்பரில் நடந்த நாலாவது யு.எஃப்.சி. இறுதிப் போட்டி. ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி சுமார் 80 கிலோ. எதிரே டான் செவர்ன் என்ற மல்யுத்த வீரர், 110 கிலோவுக்கும் மேல. ராய்ஸ் ஆட்டத்தின் பெரும்பகுதி கீழேதான் கிடந்தார். வெளியே இருந்து பார்த்தா நசுங்குற மாதிரிதான் இருக்கும். 15 நிமிஷம் கடந்தபோது அதே கால்களை செவர்னின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து ட்ரையாங்கிள் போட்டார். செவர்ன் டேப் அடிச்சார். ஆட்டம் முடிஞ்சது.

ஸ்வீப்: சிலிண்டரைத் தூக்காதே, சாய்

கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் புரட்டிப் போட்டு இடம் மாத்துறதுதான் ஸ்வீப்.

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற அண்ணனைப் பார்த்திருக்கீங்களா? நிறைஞ்ச சிலிண்டர் 30 கிலோ வரும். சமதளத்தில் அவர் அதைத் தூக்கிச் சுமக்குறது இல்லை. லேசா சாய்ச்சு அடி விளிம்பு மேலேயே உருட்டிட்டு வருவார். எடை அதேதான், ஆனா அது நிற்கிற இடம் குறுகிப் போச்சு. சென்டர் ஆஃப் கிராவிட்டி அடித்தளத்துக்கு வெளியே போன நொடியில பொருள் சாயும். ஸ்வீப்போட மொத்தத் தத்துவமும் இதுதான்.

ஆனா சிலிண்டருக்குக் கையும் காலும் கிடையாது, மனுஷனுக்கு உண்டு. டவுன் பஸ்ல நிக்கும்போது டிரைவர் பிரேக் போட்டா என்ன பண்றோம்? கம்பியைப் பிடிக்கிறோம், இல்லைன்னா ஒரு காலை முன்னால வைக்கிறோம். அந்தக் கையையும் காலையும் யாராவது முன்னாடியே பிடிச்சு வெச்சிருந்தா விழ வேண்டியதுதான்.

இதை சிசர் ஸ்வீப்ல பாருங்க. எதிராளி முட்டி போட்டு உங்க க்ளோஸ்ட் கார்டுக்குள்ள இருக்கார்.

1. உங்க இடது கையால அவரோட வலது கை ஸ்லீவைப் பிடிங்க. இதுதான் பஸ் கம்பியைப் பிடிக்கப் போற கை.
2. வலது கையால அவர் காலரைப் பிடிங்க.
3. பூட்டைத் திறந்து, இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, உங்க வலது காலின் முன்பகுதியை அவர் வயிற்றுக்குக் குறுக்கே வைங்க. இடது காலைத் தரையோடு தரையா அவர் வலது முழங்காலுக்குப் பக்கத்துல படுக்க வைங்க.
4. காலரை உங்க பக்கம் இழுங்க. அவர் எடை முழங்காலை விட்டு உங்க கால் மேல வந்து ஏறணும்.
5. இப்போ கத்தரிக்கோல் மாதிரி ரெண்டு காலையும் எதிரெதிர் திசையில வெட்டுங்க. மேல் கால் அவரைச் சாய்க்கும், கீழ்க் கால் முழங்காலைத் தட்டிவிடும்.

அவர் தன்னோட வலது பக்கம் சாய்வார். அந்தப் பக்கத்துக் கை உங்ககிட்ட இருக்கு, முழங்காலும் போச்சு. ஊன்ற எதுவும் இல்லை. புதுசா வர்றவங்க எல்லாரும் நாலாவது படியை விட்டுடுவாங்க. எடையை வரவழைக்காம காலை மட்டும் வெட்டினா, நட்டு வெச்ச போஸ்ட் கம்பத்தை உதைக்கிற மாதிரிதான்.

பாஸ்: மூணு கேட் தாண்டணும்

இப்போ நீங்க மேலே. அவரோட கால்களைத் தாண்டி பக்கவாட்டுக்கோ நெஞ்சு மேலேயோ போய் அமர்றதுதான் கார்ட் பாஸ். எங்க மாஸ்டர் இதை மூணு கேட்டுன்னு சொல்வார்: பாதம், முழங்கால், இடுப்பு. ஒவ்வொண்ணா தாண்டணும்.

டொரியாண்டோ பாஸ்னு ஒண்ணு இருக்கு. காளையைத் துணி காட்டி ஒதுக்குற ஸ்பெயின் நாட்டு ஆட்டக்காரர் மாதிரி, எதிராளியோட ரெண்டு பேன்ட்டையும் முழங்கால் பக்கத்துல பிடிச்சு கால்களை ஒரு பக்கம் ஒதுக்கிட்டு நீங்க மறுபக்கம் ஓடிப் போறது. இதுல முதல் ரெண்டு கேட்டும் ஒரே நேரத்துல திறந்துடும். எனக்கு ஆறு மாசம் இது வேலை செய்யவே இல்லை. ஓடிப் போய் பக்கத்துல நிப்பேன், அடுத்த நொடி அவர் இடுப்பைத் திருப்பி முழங்காலை நடுவுல கொண்டுவந்து மறுபடி கார்டுக்குப் போயிடுவார். காரணம், மூணாவது கேட். அவர் இடுப்பு திரும்ப முடியாதபடி தோளால நெஞ்சை அழுத்தி, ஒரு கையால தலைப்பக்கத்தையும் இன்னொரு கையால இடுப்புப்பக்கத்தையும் அடைச்சாதான் பாஸ் முடிஞ்சது.

போட்டி விதிகளும் இதைத்தான் சொல்லுது. ஐ.பி.ஜே.ஜே.எஃப். விதிப்படி ஸ்வீப்புக்கு 2 புள்ளி, கார்ட் பாஸுக்கு 3, மவுன்டுக்கும் முதுகைப் பிடிப்பதற்கும் 4. ஆனா அந்த நிலையில 3 வினாடி நிலைச்சு நின்னாதான் புள்ளி. சும்மா தொட்டுட்டு வந்தா கிடையாது. சப்மிஷன் வாங்கிட்டா புள்ளிக்கணக்கே தேவையில்லை, ஆட்டம் அங்கேயே முடிஞ்சது.

சப்மிஷன்: ஸ்பேனரும் ஆப்பும்

சப்மிஷன் ரெண்டு வகை. ஒண்ணு மூட்டைப் பூட்டுறது, இன்னொண்ணு கழுத்தை நெரிக்கிறது.

ஆர்ம்பார்ல அவர் மணிக்கட்டு உங்க நெஞ்சோட, அவர் முழங்கைக்கு அடியில உங்க இடுப்பு. இடுப்புதான் ஃபல்க்ரம். உங்க முழு உடம்பு அவரோட ஒரு கைக்கு எதிரா வேலை செய்யுது. கிமுராவில் அவர் கை முழங்கையில மடங்கியிருக்கும். முன்கைதான் ஸ்பேனர், தோள்தான் போல்ட். ஸ்பேனர் நீளமா இருந்தா சின்ன விசைக்கே பெரிய டார்க் கிடைக்கும்னு ஒர்க்‌ஷாப்ல படிச்சோமே, அதேதான். 1951-ல் ரியோவில் நடந்த போட்டியில் மசாஹிகோ கிமுரா என்ற ஜூடோ வீரர் இந்தப் பூட்டைப் போட்டு ஹீலியோ கிரேசியை வென்றார். ஹீலியோ டேப் அடிக்கவே இல்லை, அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார். தங்களைத் தோற்கடிச்சவரின் பேரையே அந்தப் பூட்டுக்கு வெச்சுட்டாங்க.

ட்ரையாங்கிள்ல ஒரு பக்கம் உங்க தொடை, மறுபக்கம் அவரோட தோளே கழுத்துல ஆப்பு மாதிரி இறங்கும். மூளைக்கு ரத்தம் கொண்டு போற ரெண்டு பக்கக் குழாய்களும் அழுந்தும். சரியா விழுந்தா பத்து வினாடி சுற்றுக்குள்ள மயக்கம் வரலாம். அதனாலதான் டேப். கையாலோ காலாலோ தட்டலாம், வாயால சொல்லலாம். தட்டின நொடியில விடணும். இந்தக் கலை நிக்கிறதே இந்த ஒரு ஒப்பந்தத்துல.

மூணும் சேர்ந்தா இஃப்-எல்ஸ்

தனித்தனியா இதெல்லாம் யார்கிட்டயும் பலிக்காது. சேர்த்துப் போட்டாதான் பலிக்கும். க்ளோஸ்ட் கார்டில் இருந்து எழுந்து உட்கார்ந்து இடுப்பால் மோதுறது ஹிப் பம்ப் ஸ்வீப். அவர் பின்னால கை ஊன்றலைன்னா, விழுவார். ஊன்றினா, ஊன்றிய கை கிமுராவுக்கு ரெடி. ரெண்டும் வேண்டாம்னு தலையை முன்னால குனிஞ்சு தள்ளினா, கழுத்து கில்லட்டினுக்கு ரெடி. அவர் எந்தப் பதில் சொன்னாலும் நம்மகிட்ட அடுத்த கேள்வி இருக்கணும்.

என் தப்பு

போன செமஸ்டர்ல ஒரு சாயங்காலம். என் கூட ஸ்பாரிங் பண்ணது செகண்ட் இயர் தம்பி ஒருத்தன். சேர்ந்து எட்டு மாசம்தான், நான் ரெண்டு வருஷம். அன்னிக்கு முதல் ரெண்டு ரவுண்டும் அவன் என்னைத் தட்ட வெச்சுட்டான். காலையில ஒரு கம்பெனி இன்டர்வியூவில கடைசி ரவுண்டில் வெளியே வந்திருந்தேன். ரெண்டும் சேர்ந்து மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்தது.

மூணாவது ரவுண்டில ஹிப் பம்ப் போனேன். அவன் கை ஊன்றினான். கிமுரா கிடைச்சது. பூட்டு கிடைச்ச பிறகு அவசரமே தேவையில்லை, அவன் எங்கேயும் போக முடியாது. நான் ஒரே இழுப்பா இழுத்தேன். அவன் கை என் முதுகுல தட்டினதும் 'டக்'னு ஒரு சத்தம் வந்ததும் ஒரே நேரம்.

தோள்ல லிகமென்ட் கிழிசல். ஆறு வாரம் ஸ்லிங். வலது கை. இன்டர்னல் தேர்வுக்கு அவனுக்கு எழுதிக் கொடுக்க வேற ஆள் தேட வேண்டியதா போச்சு. நான் "சாரிடா"ன்னு சொன்னப்போ "பரவாயில்லண்ணா, நான்தான் லேட்டா தட்டிட்டேன்"னான். அதைக் கேட்டு எனக்கு இன்னும் அசிங்கமா இருந்தது.

மாஸ்டர் திட்டலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தட்டறதுக்கு அவனுக்கு டைம் குடுத்தியாப்பா?" பதில் எனக்கே தெரியும். அவன் லேட்டா தட்டலை. நான்தான் அவனுக்குத் தட்ட இடமே வைக்கலை. ஸ்வீப்பும் பாஸும் வேகமா செய்யலாம், தப்பா போனா புரண்டு எழுந்துக்கலாம். சப்மிஷன்ல பூட்டு வரைக்கும்தான் வேகம். பூட்டிய பிறகு மெதுவா, சீரா, அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு. ஏன்னா அந்த நேரத்துல அவன் தன் கையை நம்பி உங்ககிட்ட கொடுத்திருக்கான்.

சேரணும்னு நினைக்கிறவங்களுக்கு

ஹாஸ்டல் கட்டில்ல யூடியூப் பார்த்து முயற்சி பண்ணாதீங்க, குறிப்பா கழுத்தை. மேட்டும் சொல்லித்தர ஆளும் இருக்கிற இடத்துக்குப் போங்க. நகம் வெட்டுங்க, மோதிரம், கயிறு எல்லாம் கழட்டுங்க. பழைய காயம் இருந்தா ரவுண்டு ஆரம்பிக்கும் முன்னாடியே பார்ட்னர்கிட்ட சொல்லுங்க. முதல் மூணு மாசம் ஒரு ஸ்வீப், ஒரு பாஸ், ஒரு சப்மிஷன் போதும். சீக்கிரம் தட்டுங்க. மத்தவங்க தட்ட நேரம் கொடுங்க.

அந்தத் தம்பி ரெண்டரை மாசம் கழிச்சு மேட்டுக்குத் திரும்பி வந்தான். கூட ரவுண்டு போட யார் வேணும்னு மாஸ்டர் கேட்டதுக்கு என்னைக் கை காட்டினான். நாலு நிமிஷத்துல என்னைக் கிமுராவில பூட்டினான். ரொம்ப மெதுவா, ஒவ்வொரு அங்குலமா திருப்பினான். நான் தட்டினேன். உடனே விட்டுட்டு, "வலிச்சுதாண்ணா?"ன்னு கேட்டான்.

வலிக்கலை.