மைக் பிடிக்காமலே தலைவராகலாம்!

“நல்லா பேசத் தெரிஞ்சவங்கதான் தொழில்ல ஜெயிப்பாங்க. எனக்கு நாலு பேர் முன்னாடி நின்னாலே நாக்கு ஒட்டிக்கும்!” இப்படி நினைப்பவரா நீங்கள்? கவலை வேண்டாம். தலைமைப் பண்பைக் கற்றுக்கொள்ள உங்கள் தெருவிலேயே ஒரு வகுப்பு நடக்கிறது. அதுதான் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம்.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் இந்தக் குழுக்கள் உருவாயின. ஒரு குழுவில் அதிகபட்சம் 20 பேர். அவர்களிலேயே ஒருவர் ஊக்குநர். அவரால் யாருக்கும் உத்தரவு போட முடியாது. பேசித்தான் எதையும் சாதிக்கணும். அதனால்தான் அங்கே கற்கும் பாடம் கடைக்கும் அலுவலகத்துக்கும் பொருந்துகிறது.

1. கணக்கை உரக்கச் சொல்லுங்கள்

முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடனைத் திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு: இவை ஐந்தையும் ‘பஞ்ச சூத்திரம்’ என்பார்கள். குழுவுக்குக் கடன் தருமுன் வங்கிகள் பார்ப்பதும் இதைத்தான். வரவு செலவை எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டால், முதுகுக்குப் பின்னால் பேச எதுவும் இருக்காது. கூட்டாளியோடு கடை நடத்துகிறீர்களா? வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

2. தவறைத் தனியாகக் கேளுங்கள்

என் அம்மாவின் குழுவில் நடந்தது இது. ஓர் அக்கா இரண்டு தவணை கட்டவில்லை. “எல்லாரும் கட்டுறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?” என்று ஊக்குநர் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்த அக்கா வரவில்லை. ஒருவர் விலகினால் குழுவின் வங்கித் தவணையே ஆட்டம் காணும்.

அன்று மாலை அம்மா அவர் வீட்டுக்குப் போனார். பணப் பேச்சையே எடுக்கவில்லை. “ஏங்க்கா, வீட்ல எல்லாரும் சுகமா?” என்றுதான் கேட்டார். அப்புறம்தான் தெரிந்தது, தையல் மெஷின் பழுதாகி ஒரு மாதமாக வருமானமே இல்லை. மெஷினைச் சரிசெய்ய குழு உள்கடன் கொடுத்தது. தவணையை இரண்டு மாதம் பாதியாகக் குறைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். அவர் திரும்பி வந்தபோது ஊக்குநர், “நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா” என்றார். அந்த ஒரு வார்த்தையால் அவர் மதிப்பு குறையவில்லை, கூடியது.

3. எண்ணோடு பேசுங்கள்

வங்கியில் “லோன் வேணும் சார், பாத்துப் பண்ணுங்க” என்றால் அதிகாரியால் எதையும் முடிவு செய்ய முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நாங்க 14 பேர். ஆளுக்கு மாசம் 200 ரூபாய் சேமிக்கிறோம், மொத்தம் 2,800. உள்கடன்ல பாக்கி இல்ல. மாவு மெஷின் வாங்க இவ்வளவு தேவை. மாசம் இவ்வளவு கட்ட முடியும்.” அரை நிமிடப் பேச்சுதான். யார், எதற்கு, எவ்வளவு, எப்படித் திருப்புவோம் என எல்லாமே அதில் இருக்கிறது. வேலைக்கான நேர்காணலிலும் இதே வழிதான். “கடுமையா உழைப்பேன்” என்பதைவிட, செய்த வேலை ஒன்றை எண்ணோடு சொல்லுங்கள்.

4. வாட்ஸ்அப்பிலும் தெளிவு வேண்டும்

“நாளைக்கு மீட்டிங், எல்லாரும் வந்துடுங்க” என்பது பாதித் தகவல். நாள், நேரம், இடம், எடுக்க வேண்டிய முடிவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒரு குரல் பதிவும் அனுப்புங்கள். அவர்களும் தயாராக வருவார்கள்.

குழுவில் சேர விரும்பும் பெண்கள் தங்கள் ஊராட்சியின் குழுக் கூட்டமைப்பையோ மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தையோ அணுகலாம். மற்றவர்கள் இந்த வாரமே ஒன்றைச் செய்து பாருங்கள்: அடுத்த கூட்டத்தில் வாயே திறக்காமல் இருப்பவரிடம், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். தலைமை அங்கேதான் தொடங்குகிறது.