திசுவில் காசநோய்

சான்பாடாவில் ஹார்பர் இரயில் ஏறினால் சிவ்ரியில் இறங்கலாம். மும்பை மாநகராட்சியின் காசநோய் மருத்துவமனை அங்குதான் உள்ளது. அந்நோயைத் திசுவில் காணும் முறையை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

நுரையீரல் திசுவைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால் உயிரணுக்கள் திரண்ட முடிச்சுகள் தெரியும், கிரானுலோமா என்பர். நடுவே திசு மடிந்து பாலாடைக்கட்டி போலிருக்கும். சுற்றிலும் 1868இல் லாங்ஹான்ஸ் விவரித்த பேரணுக்கள். அவற்றின் உட்கருக்கள் குதிரை இலாடம்போல் வளைந்து நிற்கும். சார்காய்டோசிஸ் நோயிலும் இம்முடிச்சுகள் உண்டு. ஆனால் நடுப்பகுதி பெரும்பாலும் மடிவதில்லை. இங்கே மயங்குதல் ஆகாது. அந்நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு காசத்தை வளர்த்துவிடும்!

பெரியவர்க்கு நுரையீரலின் உச்சியில் குழி விழுவது வழக்கம். குழந்தைகட்கோ சிறு புண்ணும், அதனருகே வீங்கிய நிணநீர்க் கணுக்களும். சளியைத் துப்பாமல் விழுங்கிவிடும் குழந்தைக்கு அக்கணுவின் திசுவே பலவேளை சாட்சி.

சோதித்த மருந்துகள் அனைத்தையும் எதிர்த்த காசத்தை மும்பை இந்துஜா மருத்துவமனையினர் 2012இல் அறிவித்தனர். எம்மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதைத் திசுவின் தோற்றம் சொல்லாது. கிருமியை வளர்த்துப் பார்க்கவேண்டும். ஆதலின் எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் இடுவது எனக்கு உடன்பாடன்று. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். ஒரு துண்டு உப்புநீரில் தனியே செல்லட்டும். குப்பிகள் இரண்டையும் திசு எடுக்குமுன்பே ஆயத்தமாக வைத்தல் நலம்.