செம்பும் கல்லீரலும்



செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று பெரியவங்க சொல்வாங்க. அது சரிதானா என்று வகுப்பில் பலர் என்னிடம் கேட்பதுண்டு. பதில் நம்ம கல்லீரலுக்குள் இருக்கிறது.

செம்புச் சத்து நமக்குத் தேவைதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம் போதும். அதற்கு மேல் சேர்ந்து, கட்டுப்பாடில்லாமல் அலையும் செம்பு உயிரணுவையே சிதைக்கும். அதனால்தான் கல்லீரல் அதைப் புரதங்களால் பிடித்துக் கட்டுகிறது.

1. மெட்டலோதயோனின்: 1957-இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்ட சின்னப் புரதம். இதிலுள்ள 20 சிஸ்டீன்களின் கந்தகம் உலோகத்தை இறுகப் பிடிக்கும். செம்பு அதிகமானால், இந்தப் புரதத்தில் உட்கார்ந்திருக்கும் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். வெளியேறிய துத்தநாகம் எம்டிஎஃப்-1 என்ற வேறொரு புரதத்தோடு ஒட்டும். அது உட்கருவுக்குள் போய் மரபணுவை முடுக்கிவிட, புதுசா மெட்டலோதயோனின் உருவாகும். உலோகம் கூடக்கூட காவலும் கூடும்.

2. செருலோபிளாஸ்மின்: இதில் 6 செம்பு அணுக்கள் ஏற்றப்பட்டு இரத்தத்துக்கு அனுப்பப்படும். ஏற்றும் வேலை ஏடிபி7பி என்ற புரதத்துடையது. மிச்சச் செம்பைப் பித்தநீரில் தள்ளுவதும் அதுதான்.

ஏடிபி7பி மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் வில்சன் நோய். செம்பு கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும். பெரும்பாலும் நம்ம வயசில்தான் தெரியவரும்: கை நடுங்கும், பேச்சு குழறும், கையெழுத்து கெடும், திடீர்க் கோபம் வரும். உடனே "காத்து கருப்பு" என்று முடிவுகட்டி விடாதீங்க. பிரார்த்தனை செய்யுங்க, கூடவே மருத்துவரிடமும் கூட்டிப்போங்க. வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட்டால் கட்டுப்படுத்தலாம். கூடப்பிறந்தவர்களுக்கு இந்நோய் இருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று என்பதால், அவர்களையும் சோதிக்க வேண்டும். இதற்குத் தரும் துத்தநாக மருந்து, குடலில் மெட்டலோதயோனினைப் பெருக்கித்தான் செம்பைத் தடுக்கிறது!

அப்போ செம்புப் பாத்திரம்? ஆரோக்கியமானவர்கள் அளவோடு தண்ணீர் குடிக்கலாம். புளி, எலுமிச்சை, தயிர் ஊற்றி வைக்காதீங்க. புளிப்பு செம்பைக் கரைக்கும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைக் குடித்த பச்சைக் குழந்தைகளுக்குக் கல்லீரல் கெட்ட வரலாறு இந்தியாவில் உண்டு. வழக்கத்தைக் காப்போம், அதன் அளவையும் அறிவோம்.

சிந்திக்க:
அ. செம்பு கூடியதை உயிரணு எப்படி "அறிகிறது"?
ஆ. ஏடிபி7பி பழுதானால் செம்பு ஏன் தேங்குகிறது?