விற்ற பிறகும் வியாபாரம்

டயகம பஜாரில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் நமக்கு அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பனியிடம் ஒரு பாடம் உண்டு. 1969இல் அது ஏ.எம்.எஃப். நிறுவனத்தின் கைக்குப் போனது. தரம் சரிந்து, ஒயில் கசியும் வண்டி என்று பெயர் கெட்டது. 1981இல் 13 அதிகாரிகள் கடன்பட்டு மீட்டார்கள்.

1983இல் அரசு இறக்குமதி வரியை உயர்த்திக் கைகொடுத்தது. வரி வாடிக்கையாளரைப் பிடித்துத் தராதே! அதே ஆண்டு உரிமையாளர் சங்கம் தொடங்கினார்கள். புது வண்டி வாங்கியவருக்கு முதல் வருட அங்கத்துவம் இலவசம். முகவரின் ஆதரவில் ஊருக்கூர் கிளைகள், கூட்டாக நெடும்பயணங்கள். வண்டி ஓடினால் டயர் தேயும், ஒயில் மாற்ற வேண்டும். கடைக்கு வந்தே தீரவேண்டும். பின்னாளில் அங்கத்தவர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது.

நாமோ பில் எழுதியதோடு ஆளை மறக்கிறோம். லீசிங்கில் வண்டி எடுத்த தோட்டத்துத் தம்பிக்கு, மழைக்கு முன் பிரேக்கைக் காட்டிவிட்டுப் போகச் சொல்ல என்ன செலவாகும்?